தகரப் பெட்டியில் ஒரு கூறைச் சேலை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளில், 1970-கள் வரை, பூட்டுப் போட்ட பொருள் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பலகைக் கட்டிலுக்கு அடியில், தரையின் ஈரம் ஏறாதபடி செங்கல்களின் மேல் தூக்கி வைத்த தகரப் பெட்டி அது. வீட்டுக் கதவுக்கே தாழ்ப்பாள் சரியாக இராது. பெட்டிக்கு மட்டும் பித்தளைப் பூட்டு. திறந்தால் மேலே பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், அடகுச் சீட்டுகள். நடுவில் பிள்ளைகளின் தீபாவளித் துணிகள். எல்லாவற்றுக்கும் அடியில், கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒரு சேலை. அந்த வீட்டுப் பெண் தாலி கட்டிக்கொண்ட அன்று உடுத்திய கூறைச் சேலை.

இன்று அந்தக் குடும்பத்தின் பேத்தி சிரம்பான் 2-இலோ நீலாயிலோ செனவாங்கிலோ வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள். அறைச் சுவரோடு பொருத்திய அலமாரி கூரையைத் தொடுகிறது. அதன் மேல்தட்டில், கடையின் பெயர் அச்சிட்ட நெகிழிப் பைக்குள், அவளுடைய முகூர்த்தப் பட்டு இருக்கிறது. பாட்டியின் சேலையைவிட அது விலை கூடியது. வைத்திருக்கும் இடமும் தாராளம், கூரையும் ஒழுகுவதில்லை. ஆனாலும் பாட்டியின் சேலை முப்பது, நாற்பது ஆண்டுகள் கட்டிக்கொள்ளும் நிலையில் நின்றதைப் பார்த்த எனக்கு, பேத்தியின் சேலையைப் பற்றி அவ்வளவு உறுதி வருவதில்லை. பெட்டி ஆண்டுக்கு எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதில்தான் இந்த வேறுபாடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் விலையைப் பார்க்க வேண்டும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் கூலியில் பட்டு எட்டாத பொருள். பல மணப்பெண்கள் உடுத்தியது மஞ்சளில் தோய்த்த நூல் சேலைதான். சைக்கிளில் துணிமூட்டை கட்டி லயத்துக்கு லயம் வந்த வியாபாரியிடம் தவணைக்கு எடுத்தது, அல்லது சீட்டுப் பணம் விழுந்த மாதத்தில் சிரம்பான் பட்டணத்துக்குப் போய் எடுத்தது. பட்டு வந்த வீடுகளில் அது பெரும்பாலும் கப்பலில் வந்தது. 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்த ‘ரஜூலா’ கப்பலில், ஊருக்குப் போய்த் திரும்பிய பெரியப்பாவோ தாய்மாமனோ வாங்கி வந்த காஞ்சிபுரமோ கும்பகோணமோ ஆரணியோ. ஊர்ப் பெயர் சேலையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ‘இது கும்பகோணத்துச் சீலை’ என்று சொல்லும்போது, அந்த ஊரைப் பார்த்தே இராத பெண்ணின் குரலிலும் ஓர் உரிமை தெரியும்.

இன்று மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நடுத்தரமான பட்டுச் சேலை ஒன்று அந்த ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். கல்யாணம் என்றால் குடும்பமே விமானம் ஏறித் தியாகராய நகருக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய் எடுத்து வருகிறது. போகாதவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகள் இருக்கின்றன. முகூர்த்தத்துக்கு ஒன்று, மாலை விருந்துக்கு ஒன்று, மருதாணி இடும் நாளுக்கு ஒன்று என்று உடைகள் பெருகிவிட்டன. அவற்றில் சில வாடகைக்கு எடுத்தவை. அடுத்த நாளே கடைக்குத் திரும்பிப் போய்விடுகின்றன, பாதுகாக்கும் கவலையே இல்லை. பட்டு ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் ஒருமுறை வந்தது. இப்போது ஆண்டுக்கு ஒன்றிரண்டு வருகிறது. இதை இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். 40 காசுக்கு உதிர்ந்த வியர்வையை அறிந்த எவரும் சொல்லமாட்டார்கள்.

அன்று வீட்டில் ஒரே ஒரு பட்டு இருந்ததால் அது அடிக்கடி வெளியே வந்தது. வளைகாப்புக்கு, பிள்ளைக்குக் காது குத்தும் நாளுக்கு, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, தம்பி கல்யாணத்துக்கு. லயத்தில் பட்டு இல்லாத வீட்டில் பெண் பார்க்க வந்தால், பக்கத்து வீட்டுப் பெட்டி திறந்தது. லாபு, லிங்கி, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிழவிகளிடம் பேசினாலும் இரவல் பட்டுக் கதை ஒன்றாவது இருக்கும். இரவல் போன சேலை திரும்பி வரும்போது மஞ்சளோ வெற்றிலையோ வைத்து வரும். கறை பட்டிருந்தால் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து அதை எடுப்பார்கள். அதனால் சேலையின் உடல்நிலை ஒருத்திக்கு மட்டும் தெரிந்த செய்தியாக இருக்கவில்லை. கரையில் நூல் விட்டிருக்கிறது, முந்தானை மடிப்பில் வெடிப்பு தொடங்குகிறது என்பதெல்லாம் லயத்துக்கே தெரியும்.

தீபகற்பத்தின் இந்தப் பகுதியில் துணியைக் காப்பது எளிதல்ல. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வெப்பம் 27 பாகை செல்சியசைச் சுற்றி. ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினாலே துணியில் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அதாவது இங்கே ஒரு பட்டுச் சேலை, எதுவும் செய்யாமல் விட்டால், எப்போதும் ஆபத்துக்குள்ளேயே இருக்கிறது. இதோடு கரப்பான், அந்துப்பூச்சி, எலி, கரையான். சரிகைக்கு வேறொரு பகை உண்டு. பழைய சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்பு படியும். ரப்பர்ப் பொருள்களில் கந்தகம் உண்டு; ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சேலையில் வளையம் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். அந்த மண்ணின் விளைபொருளே அந்தச் சேலைக்கு ஆகாது.

பெண்கள் இதையெல்லாம் வேதியியலாக அறிந்திருக்கவில்லை, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். விடியற்காலை பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, பாலை உறைய வைக்கும் எசிட்டின் நெடி விரலில் ஏறியிருக்கும் கையோடு எவளும் பெட்டியைத் திறக்கமாட்டாள். குளித்து, கையைத் துடைத்து, தரையில் பாய் விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்த பிறகுதான் சேலை வெளியே வரும். அதைத் துவைத்ததே அரிது. துவைக்க நேர்ந்தால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நீரில் மெல்ல அலசுவார்கள். கட்டிச் சவுக்காரத்தைத் தொடவிடமாட்டார்கள். சவுக்காரத்தின் காரம் பட்டு நூலை அரித்து மங்கவைக்கும்; பூந்திக்கொட்டை நுரை அவ்வளவு கடுமையானது அல்ல. தோட்டத்து டோபியிடம் வேட்டி போகும், தீபாவளிச் சட்டை போகும், கூறைச் சேலை மட்டும் போகாது.

ஆண்டின் தொடக்கத்தில், தை, மாசி மாதங்களில், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். மழை குறைந்து, காடெல்லாம் சருகு சலசலக்கும் அந்தப் பருவத்தில் பால் குறையும், வேலையும் குறையும். பெட்டி திறக்க அதுவே நல்ல காலம். நடைவாசலில் கயிறு கட்டி, நேர் வெயில் படாத நிழலில், காலைப் பொழுது முழுவதும் சேலையைக் காற்றாட விடுவார்கள். தகரப் பெட்டியையும் வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். துருப்பிடித்த இடத்தில் பழைய செய்தித்தாளையோ சாக்குத் துண்டையோ போடுவார்கள். மாலையில் மடிக்கும்போது, போன முறை மடித்த கோட்டில் மடிப்பதில்லை. என் அத்தை ஒருத்தி இதில் மிகவும் கண்டிப்பானவள். “மடிப்ப மாத்திப் போடுடி. ஒரே பக்கமாப் படுத்தா சீலைக்கும் நோவும்” என்பாள். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடக்கும் பட்டு அந்தக் கோட்டிலேயே பிளக்கும் என்பதை இன்று துணிப் பாதுகாப்பு படித்தவர்கள் எழுதுகிறார்கள். அவர்களும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

பூச்சிக்கு அவர்கள் வைத்தது வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு, சூடம். கோயில் ஓரத்து வேப்பமரம் இதற்கும் பயன்பட்டது. மலாய்க்காரப் பெண்களைப் பார்த்துப் பாண்டான் இலை வைத்தவர்களும் உண்டு. கரப்பான் அண்டாது என்பார்கள், வாசமும் நல்ல வாசம். வசம்பும் கிராம்பும் கிழவிகளின் வெறும் நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க, வசம்பு, கருஞ்சீரகம், லவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்துச் சூடம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழக்கம். அரசர் சேர்த்த ஏட்டுக்கும் பால்மரம் வெட்டுகிறவளின் சேலைக்கும் ஒரே காவல்தான் இருந்திருக்கிறது.

பின்னர் வெள்ளை உருண்டை வந்தது. கடையில் மலிவாகக் கிடைத்த பாச்சை உருண்டை, மலாயில் ‘உபாட் கெகாட்’, வசம்பையும் வேப்பிலையையும் மெல்ல விரட்டிவிட்டது. பூச்சியைத் தடுப்பதில் அது வல்லது என்பது உண்மை. ஆனால் அது நாப்தலின். அதன் ஆவி பட்டால் ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறை சோதிக்கப்படுகிறது. குறை இருந்தால் ஃபாவா அவரையையும் சில மருந்துகளையும் போலப் பாச்சை உருண்டையையும் வீட்டில் வைக்க வேண்டாம் என்று தாய்க்குச் சொல்லி அனுப்புகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த பழஞ்சேலையில் தொட்டில் கட்டுவது நம் வழக்கம். அந்தத் தொட்டிலில் முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் எவ்வளவு ஆபத்தோடு தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. இந்த ஓர் அறிவை மட்டும் பார்த்தாலும் இன்றைய காலம் உயர்ந்ததுதான். வசம்பின் மணத்துக்காக நான் ஏங்கலாம். குழந்தையின் உயிருக்கு முன் அந்த ஏக்கம் பெரிதல்ல.

அன்றைய முறையில் வேறு குறைகளும் இருந்தன. தகரப் பெட்டி இருளைத் தந்தது, எலியைத் தடுத்தது; ஆனால் மூலை துருப்பிடித்தால் செம்பழுப்புக் கறை சேலையில் இறங்கிவிடும், அதை எடுக்கவே முடியாது. சூடத்தையும் உருண்டையையும் துணியில் முடிந்து வைக்காமல் சரிகை மேலேயே போட்ட வீடுகளும் உண்டு. புகைக்கூடத்துக்கு அருகிலிருந்த லயங்களில் ரப்பர்த் தகடு வாட்டும் விறகுப் புகை எந்தத் துணியையும் விட்டதில்லை. மங்கலத்துக்காகச் சேலையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள், பிற்பாடு எண்ணெய்க் கறையோடு கலந்து பழுப்பாகிவிடும். சிரம்பான் விசிட்டேஷன் தேவாலயம் போன்ற ஆலயங்களில் வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையும் அணிந்து மணம் முடித்த கிறிஸ்துவப் பெண்களின் பாடு இன்னும் கடினம். வெள்ளையில் காணாமல் காய்ந்த வியர்வையும் பானத் துளியும் சில ஆண்டுகளில் மஞ்சளாக மேலே வரும்.

இவற்றையெல்லாம் கடந்து நின்ற சேலைகளையும் காலம் வேறு வழியில் எடுத்துக்கொண்டது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் துணி இறக்குமதி நின்றது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்ட லயங்களில், பெண்கள் சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காத்தார்கள். பெட்டியின் அடியில் இருந்த பட்டு அரிசியாக மாறியது, அல்லது பிள்ளைகளுக்குச் சட்டையாக மாறியது. எந்தத் தாயும் அதற்கு இருமுறை யோசித்திருக்கமாட்டாள். போருக்கு முந்தைய கூறைகள் தோட்டத்து வீடுகளில் அபூர்வமாக இருப்பதற்கு அந்த மூன்றரை ஆண்டுகள் ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. சுமங்கலியாக இறந்தவளுக்கு அவளுடைய கூறைச் சேலையையே உடுத்தி அனுப்பும் குடும்பங்கள் உண்டு. நன்றாகக் காத்து வைத்தவளின் சேலை அவளோடு போய்விட்டது. விதவையானவளின் சேலை பெட்டியிலேயே கிடந்தது. அதைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை என்று ஊர் சொன்னது. வண்ணப் பட்டு உடுத்தக் கூடாது என்று முப்பது வயதுப் பெண்ணைத் தடுத்த அந்த வழக்கம் இன்று பெருமளவு தளர்ந்துவிட்டது. மகளின் கல்யாணத்தில் தன் கூறையையே உடுத்தி நிற்கும் கணவனை இழந்த தாயை இப்போது பார்க்க முடிகிறது. சேலைப் பாதுகாப்பின் வரலாற்றில் நல்ல மாற்றம் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

சேலையை அவ்வளவு கவனமாக வைத்ததற்கு இன்னொரு தேவையும் இருந்தது. அன்றைய கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை. பட்டணத்து ஸ்டூடியோவில் வர்ணத் திரைக்கு முன் நின்று எடுத்த ஒரே படம், சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். அதில் அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகவே தெரியும். அம்மா என்ன நிறத்தில் கல்யாணச் சேலை கட்டியிருந்தாள் என்று பிள்ளை கேட்டால், பெட்டியைத் திறந்துதான் காட்ட வேண்டும். அந்த நாளின் நிறத்துக்குச் சேலை ஒன்றே சாட்சி. இன்று ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கான வண்ணப் படங்கள், நீண்ட காணொளி, வானிலிருந்து எடுத்த காட்சி. நினைவுக்கு நிறம் கொடுக்கும் வேலையிலிருந்து சேலை ஓய்வு பெற்றுவிட்டது. அலமாரியின் மேல்தட்டுக்கு அது போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பெரிய உடைவு தோட்டத்திலேயே நிகழ்ந்தது. 1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1969-இல் வேலை அனுமதி முறை வந்தபோது குடியுரிமை இல்லாதவர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழகம் திரும்பினார்கள். கப்பலில் வந்த சேலை கப்பலிலேயே திரும்பிப் போனது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாடு முழுவதும் 1960-இல் ஏறக்குறைய 54,000 ஹெக்டராக இருந்த செம்பனைப் பரப்பு 2019-இல் 59 லட்சம் ஹெக்டரைத் தொட்டது. செம்பனைக்கு ரப்பரைப் போல அத்தனை ஆள் தேவையில்லை. வேண்டிய ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தனர். நீலாயைச் சுற்றியும் சிரம்பானைச் சுற்றியும் இருந்த தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. 1998-இல் மாநில எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்ததும் அந்த வேகம் கூடியது. லயம் இடிந்தது. ஒருவர் வீட்டுப் பெட்டியின் நலம் மற்றவருக்குத் தெரிந்திருந்த அந்தக் குடியிருப்பு முறையும் அதோடு முடிந்தது. இடம் மாறும்போது முதலில் வீசப்பட்டது தகரப் பெட்டி. புது வீட்டில் அதை வைக்க வெட்கப்பட்டார்கள்.

லயத்தை நான் புனிதமாக்கவில்லை. ஓர் அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய வீடு அது; மின்சாரம் மாலையில் வந்து இரவிலேயே நின்றுவிடும். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று 1966-இல் ஒரு சட்டமும் 1990-இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன என்றால், இருந்த நிலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். அங்கிருந்து வெளியேறியது வெற்றிதான். வெளியேறிய விதம் பல குடும்பங்களுக்கு வெற்றியாக இல்லை என்பது வேறு துயரம்.

இன்றைய பாதுகாப்புக்கு வருவோம். கல்யாணம் முடிந்த வாரமே சேலை உலர்சலவைக்குப் போகிறது. கறை பழசாவதற்குள் எடுப்பது நல்லதே. அன்று அந்த வசதி இல்லை. ஆனால் சலவையிலிருந்து வந்த நெகிழி உறையோடு அப்படியே அலமாரிக்குள் வைப்பதில் கெடுதல் தொடங்குகிறது. அந்த மெல்லிய உறை கடையிலிருந்து வீடு வரும் வரைக்கானது. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. இரவில் குளிரூட்டி ஓடி, பகலில் நின்று, மறுபடி ஓடும் அறையில் வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கும். மூடிய பைக்குள் நீர் பூத்துப் பூசணம் பிடிக்க அது போதும். சில வகை நெகிழிகள் பழசாகும்போது அமில ஆவியையும் விடும். அன்றைய வெள்ளை வேட்டி இந்த இடத்தில் நெகிழிப் பையை வென்றுவிடுகிறது. பருத்தி ஈரத்தை வாங்கும், விடும், காற்றை அனுமதிக்கும். உலக அருங்காட்சியகங்கள் வெளுக்காத பருத்தித் துணியையும் அமிலம் நீக்கிய தாளையும் பயன்படுத்துகின்றன. அந்தத் தாளும் அட்டைப் பெட்டியும் இன்று கைப்பேசியில் விரலால் தட்டினால் வீட்டுக்கு வந்துவிடும். மடிப்புகளுக்கு இடையே அந்தத் தாளைச் சுருட்டி வைத்தால் கூர்மையான மடிப்பு விழாது. பாட்டிக்குக் கிடைக்காத நல்ல பொருள் அது.

ரவிக்கை புதிய சிக்கல். பாட்டியின் ரவிக்கை சேலையோடு வந்த துண்டில் தைத்த எளிய உடை. பேத்தியின் ரவிக்கையில் ஆரி வேலை, கண்ணாடிக் கல், பசை வைத்து ஒட்டிய மணி. அந்தப் பசை மஞ்சளாகும், உலோக மணி பச்சை பூக்கும், கல்லின் விளிம்பு பட்டைக் கீறும். அதைச் சேலையோடு சேர்த்து மடித்து வைத்தால் முதலில் கெடுவது சேலைதான். சரிகையின் தரமும் இறங்கிவிட்டது. வெள்ளி விலை ஏற ஏறச் செம்புக் கம்பியிலும் செயற்கை இழையிலும் பொன்னிறம் ஏற்றியவை சந்தையில் பெருகின. வெள்ளிச் சரிகை கறுக்கும், ஆனால் உள்ளே வெள்ளி இருக்கும். தமிழகத்தில் பழைய பட்டுச் சேலையைச் சரிகைக்காக எடை போட்டு வாங்குகிறவர்கள் இன்னும் தெருவில் போவது அதனால்தான். செம்புச் சரிகை நம் ஈரக் காற்றில் மங்கினால் அதன் கதை முடிந்தது. இந்தியாவின் மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த பட்டு முத்திரை, நூல் பட்டுதான் என்பதற்கே உறுதி தருகிறது, சரிகைக்கு அல்ல. நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்கள் வாங்கும்போதே சரிகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அன்று குறைந்த அறிவும் நிறைந்த கவனமும் இருந்தன. இன்று அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் ஒதுக்க ஆளில்லை. பேத்தி சோம்பேறி அல்ல. அவள் விடியற்காலை கோலாலம்பூருக்கு ரயில் ஏறி இரவில் வீடு திரும்புகிறவள். அவளுடைய சேலைக்கு இரவல் கேட்டு வரும் பக்கத்து வீடு இல்லை, மடிப்பை மாற்றச் சொல்லும் அத்தை இல்லை. அடுத்த கல்யாணத்துக்குப் புதிய சேலை வந்துவிடும் என்பதால் பழையதை எடுத்துக் கட்டும் அவசியமும் இல்லை. எடுத்துக் கட்டாத சேலையின் கேடு கண்ணுக்குப் படுவதில்லை.

நெகிரி செம்பிலானின் ஸ்ரீ மெனாந்தியில், 1908-இல் ஆணியே இல்லாமல் கட்டி முடிக்கப்பட்ட பழைய அரண்மனை அருங்காட்சியகமாக்கப்பட்டபோது, அரச குடும்பத்தின் உடைகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. சிங்கப்பூரில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், சாதாரணக் குடும்பங்கள் வைத்திருந்த பொருள்களையும் வரலாறாக மதித்துச் சேர்த்தது. நெகிரி செம்பிலான் மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அந்த வாழ்க்கையில் எஞ்சிய பொருள்கள் மிகக் குறைவு. பால் வாளியும் வெட்டுக் கத்தியும் இரும்பு விலைக்குப் போயின, லயங்கள் செம்பனைக்கு அடியில் போயின. எஞ்சியவற்றில் மிக அழகானது, ஒரு பெண் தன் கூலியில் மிச்சம் பிடித்துத் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே பொருள், இந்தச் சேலைதான்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், இந்த மாதத்தில் மழை இல்லாத ஒரு காலையில் அதை வெளியே எடுங்கள். நெகிழிப் பையையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்தத் துணியின் ஓரத்தில் ஒரு நாடாவைத் தைத்து, உடுத்தியவளின் பெயர், தோட்டத்தின் பெயர், கல்யாணம் நடந்த ஆண்டு ஆகிய மூன்றையும் அழியாத மையால் எழுதுங்கள். இந்த மூன்றையும் உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்றே கேளுங்கள்.